பதியாத நிகாஹ், மாற்றத் தேவையில்லாத பெயர்: வெளிநாட்டுத் துணையும் நமது கடதாசிகளும்

பாடசாலை விட்டு வீடு வந்தால் வாரத்துக்கு ஒருவராவது ஃபைலோடு வாசலில் இருப்பார். குறிஞ்சாக்கேணியில் ஆசிரியர் என்றால் படிவம் நிரப்பத் தெரிந்தவர் என்று அர்த்தம். பயிற்சிக் கலாசாலையில் உளவியலும் கற்பித்தல் முறையும் படித்தோம். இதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. முன்பெல்லாம் வருவது அடையாள அட்டை, சமுர்த்தி விவகாரங்கள். இப்போது வெளிநாட்டு மாப்பிள்ளை, வெளிநாட்டு மருமகள் விடயம் அடிக்கடி வருகிறது. கட்டாரில் வேலை பார்க்கும் பிள்ளை இந்தோனேசியப் பெண்ணையோ பிலிப்பைன்ஸ் பெண்ணையோ நிகாஹ் செய்து கூட்டி வருகிறான். லண்டன் பிரஜையான மாப்பிள்ளை இரண்டு வார லீவில் வந்து முடித்துவிட்டுப் போகிறார். விசா மறுக்கப்பட்டதும் எல்லோரும் அரசாங்கத்தை ஏசுகிறார்கள். ஏசுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனாலும் நான் பார்த்த ஃபைல்களில் பாதிச் சிக்கல் நமது ஊரிலேயே, நிகாஹ் நடந்த அன்றே உண்டானது.

முதலில் பதிவு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, பதியவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு விவாகம் செல்லாமல் போகாது. பதிவு செய்யும் கடமையையும் அதே சட்டம் விதிக்கிறது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது முதலாவது மட்டும்தான். வலி, இரு சாட்சிகள், ஈஜாப் கபூல் இருந்தால் போதும், பதிவைப் பிறகு பார்ப்போம் என்கிறோம். மார்க்கப்படி நிகாஹ் நிறைவேறிவிட்டது, உண்மைதான். விசா அதிகாரி ஃபிக்ஹ் நூலைத் திறப்பதில்லை. அவர் கேட்பது விவாகச் சான்றிதழின் பிரதியை. மூன்று வருடம் கழித்துப் பதிந்த சான்றிதழைக் கொடுத்தால், விசாவுக்காகச் செய்த கலியாணமோ என்று சந்தேகப்படுகிறார்.

இதே சட்டத்தின் 2ஆம் பிரிவு, இலங்கையில் வசிக்கும் முஸ்லிம்களுக்கே இது பொருந்தும் என்கிறது. சுற்றுலா விசாவில் வந்து பத்தாம் நாள் நிகாஹ் முடிக்கும் மாப்பிள்ளை ‘வசிப்பவரா’ என்று யாராவது கேட்டால் என்ன பதில்? பதிவாளரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்வதுதான் புத்தி. இன்னொன்று, மணமகளின் கையொப்பத்தைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. தன் சம்மதத்தைக் காட்ட ஒரு பெண்ணிடம் தன் கையெழுத்தே இல்லாத பத்திரம்தான் இருக்கிறது. வெளிநாட்டு அதிகாரி இதைக் கேட்கும்போது எனக்கே பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தோம். அறிக்கை 2018 ஜனவரியில்தான் வந்தது, அதுவும் இரண்டு தரப்பாகப் பிரிந்து.

லண்டனிலேயே நிகாஹ் முடித்துக்கொண்டால் சரி என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1998இல் சவுத்ஹாலில் ஓர் உணவகத்தில் நிகாஹ் செய்து, சிவில் பதிவு செய்யாமல் வாழ்ந்த தம்பதியரின் வழக்கில், 2020 பெப்ரவரியில் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டத்தின் கண்ணில் விவாகமே அல்ல என்றது. பிள்ளைகள் நான்கு பிறந்த பிறகு! அதோடு, துணையை அங்கே அழைக்கத் தேவையான ஆண்டு வருமானத்தை 2024 ஏப்ரலில் 18,600 பவுணிலிருந்து 29,000 பவுணாக உயர்த்தினார்கள். மாப்பிள்ளைக்கு லண்டன் பாஸ்போர்ட் என்பதோடு நிறுத்தாமல் சம்பளச் சீட்டையும் பார்க்க வேண்டிய காலம் இது.

இனிப் பெயர். அதிகம் கண்ணீர் வருவது இங்கேதான்.

இஸ்லாத்தை ஏற்ற பெண்ணை நிகாஹ் செய்யும்போது பள்ளிவாசலில் அரபுப் பெயர் ஒன்று வைக்கிறார்கள். நிகாஹ் பத்திரத்தில் அந்தப் பெயர் மட்டும் ஏறுகிறது. கடவுச்சீட்டிலோ தாய் தகப்பன் வைத்த பெயர். இப்போது சான்றிதழில் இருக்கும் ஃபாத்திமா யார், விமானத்தில் வந்திறங்கிய மரியா யார்? இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க சத்தியக் கடதாசி, தூதரகக் கடிதம், மொழிபெயர்ப்பு என்று குறிஞ்சாக்கேணிக்கும் பத்தரமுல்லைக்கும் இடையே இரவு பஸ்ஸில் அலைகிறார்கள். பிழையான பொருளுள்ள பெயராக இருந்தாலொழிய, இஸ்லாத்துக்கு வருபவர் பெயர் மாற்ற வேண்டும் என்று மார்க்கம் கட்டாயப்படுத்தவில்லை. உமர் (ரழி), காலித் (ரழி), பிலால் (ரழி) எல்லோரும் இஸ்லாத்துக்கு முன்பு வைத்திருந்த பெயரோடுதான் வாழ்ந்தார்கள். வீட்டில் ஃபாத்திமா என்று கூப்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. பதிவேட்டில் கடவுச்சீட்டுப் பெயரை எழுதுங்கள்.

அடுத்தது கணவன் பெயர். ஓர் அலுவலகத்தில் ஒரு பிள்ளையிடம், கணவனின் பெயரைச் சேர்த்துக் கடவுச்சீட்டை மாற்றிக்கொண்டு வந்தால்தான் வேலை நடக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எந்த விதி என்று கேட்டு வரச் சொன்னேன். எழுத்தில் யாரும் தரவில்லை. நம்மிடம் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது; வாப்பாவின் பெயரே கடவுச்சீட்டின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறுகிறது. ஆகவே கணவனுக்கும் மனைவிக்கும் அந்தக் கட்டம் ஒத்துப்போகாது. அது குற்றமல்ல. பெண் தன் தந்தையின் பெயரோடு இருப்பதே நமது வழக்கம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் மனைவி தன் பிறப்புப் பெயரையே சட்டப்படி வைத்திருக்க வேண்டும். நமது பிள்ளை பெயரை மாற்றினால் சாதாரண தரச் சான்றிதழ், நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு எல்லாம் பழைய பெயரில் நிற்கும். நாளை தலாக் ஆனால் மறுபடி மாற்ற வேண்டும்.

ஒற்றைப் பெயர்க்காரரின் பாடு வேறு. இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயர் சர்வசாதாரணம். 2022இல்தான் புதிதாகப் பதியும் பெயரில் குறைந்தது இரண்டு சொற்கள் வேண்டும் என்று அங்கே விதி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐக்கிய அரபு இராச்சியம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பயணிகளுக்கு சுற்றுலா விசா இல்லை என்றது. தமிழ்நாட்டிலிருந்து டுபாய் போகிறவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

எழுத்துக்கூட்டல் சின்ன விடயம்போலத் தெரியும். பிறப்புப் பத்திரத்தில் முகம்மது, விவாகப் பத்திரத்தில் மொஹமட், ஆங்கில மொழிபெயர்ப்பில் வேறொரு எழுத்து. கடவுச்சீட்டின் பிரதியை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, இதே எழுத்தில் எழுதுங்கள் என்று சொன்னால் பாதித் தொல்லை தீரும். ஏற்கெனவே பிழைத்திருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக் கடதாசியே பெரும்பாலும் முதல் படி. பெயரை மாற்ற ஓடுவது கடைசி.

அரசாங்கத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 2022 ஜனவரி முதல், வெளிநாட்டவர் இலங்கையரை மணக்கப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று பதிவாளர் நாயகத்தின் சுற்றறிக்கை வந்தது. யாரை மணப்பது என்பதைப் பாதுகாப்பு அமைச்சிடம் கேட்கும் அந்த நடைமுறை பலத்த எதிர்ப்பின் பின் அதே ஆண்டிலேயே கைவிடப்பட்டது. 2019க்குப் பிறகு அரபு நாட்டுச் சம்பந்தம் என்றாலே நம்மைப் பார்க்கும் பார்வை மாறியிருந்த காலம் அது. அந்தச் சுற்றறிக்கை யாரை அதிகம் தொட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்போதும் பத்திரம் ஒழுங்காக இருந்தவர்களுக்கே வாதாட இடமிருந்தது.

பிள்ளை பிறந்ததும் இதெல்லாம் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. 2003 வரை பிரஜாவுரிமை தகப்பன் வழியாகவே வந்தது. அந்த ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின் தாய் இலங்கையராக இருந்தாலும் போதும். ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். அங்கே பெற்றோரின் விவாகச் சான்றிதழையும் கேட்பார்கள். நான்கு நண்பர்கள் சாட்சியாக, வாடகை அறையில் நடந்து எங்கும் பதியாத நிகாஹ் என்றால், அந்த மேசையில் வைக்க அவர்களிடம் ஒரு கடதாசியும் இருக்காது.