வாரத்தைக் கொடுத்துப் புள்ளி வாங்காதீர்!

ஆண்டுக்கு ஏழு நாள், 25 ஆண்டுக்கு மலைவாச ஸ்தலத்தில் அறை என்று முன்கூட்டியே பணம் கறக்கும் வியாபாரம் ஒன்று உண்டு. 1986-ல் ஸ்டெர்லிங், 1996-ல் மஹிந்திரா ஹாலிடேஸ் என நம் நாட்டில் வளர்ந்தது. ஓசூர் ஆலைகளில் போனஸைப் போட்டு இதில் மாட்டிய தோழர்களும் உண்டு.

இந்த வியாபாரத்தில் உலகெங்கும் ஒரு யோசனை: வாரத்தை விட்டுப் புள்ளிக்கு மாறுங்கள், நினைத்தபோது போகலாம்!

வாரம் என்றால் ஏழு நாள். எந்த முதலாளியும் அதை ஆறாக்க முடியாது. புள்ளி? ஓர் அறைக்கு எத்தனை என்று எழுதும் பேனா அவன் கையில். இன்று நூறு என்பான், நாளை நூற்றிருபது என்பான். பராமரிப்புக் கட்டணமோ போனாலும் உண்டு, போகாவிட்டாலும் உண்டு. நெல்லைக் கூலியாக வாங்கிய பாரூர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்: படி பண்ணையார் கையில் இருந்தால் கூலி என்ன ஆகும்? 2015-ல் புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதில் காசு என்றபோது, அரிசியே வேண்டும் என்று ஜனங்கள் போராடியது சும்மாவா?

ஷிப்டுத் தொழிலாளிக்குக் குறித்த வாரத்தில் லீவு கிடைப்பதில்லை, வாஸ்தவம். அப்படியானால் எந்த அறைக்கு எத்தனை புள்ளி, கடைசி ஆண்டுவரை அது மாறாது என்று எழுதித் தரட்டும். தராதவரை கையெழுத்துப் போடாதீர்கள். லீவு விஷயத்துக்குச் சங்கத்துக்கு வாருங்கள். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள லீவு 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே வந்துவிட்டது.