வீட்டாருக்கும் ஒரு ஏழு நாள்

என் வாப்பா ஒரு சுற்றுலா வழிகாட்டி. வாகனத்தையும் அவரே ஓட்டுவார். வழியில் வரும் இடங்களின் கதையையும் அவரே சொல்வார். இந்தத் தொழில் செய்பவர்களை ‘சோஃபர் கைட்’ என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு குடும்பத்தைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏற்றி, ஏழு நாட்கள் இலங்கையைச் சுற்றிக் காட்டி, மீண்டும் அதே இடத்தில் இறக்கிவிடுவது அவர் வேலை. சிகிரியா, தம்புள்ளை, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, காலி. 22 வருடங்களாக இந்த வட்டத்தைத்தான் அவர் சுற்றி வருகிறார்.

எங்கள் வீடு அக்குறணையில் இருக்கிறது. தம்புள்ளையிலிருந்து கண்டிக்குப் போகும் உல்லாசப் பயணிகளின் வேன்கள் எங்கள் ஊரைக் கடந்துதான் போகும். வாப்பாவின் வேனும் அப்படித்தான். எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு தடவை ஹோர்ன் அடித்துவிட்டு, நிற்காமல் போய்விடும். குசினியிலிருந்து உம்மா, “வாப்பா போறார்” என்பார். சிறு வயதில் நானும் தம்பியும் ஓடிப்போய்ப் பார்ப்போம். கண்ணாடிக்குப் பின்னால் தெரியாத முகங்கள் எங்களைப் பார்த்துக் கை அசைக்கும்.

இந்தக் கட்டுரையில் நான் கேட்க வருவது ஒரே ஒரு கேள்வி. முன்பின் தெரியாத ஒருவருக்கு இந்த நாட்டை ஏழு நாட்களில் அழகாகக் காட்டத் தெரிந்த நாங்கள், எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அதை எத்தனை நாள் காட்டியிருக்கிறோம்?

கடந்த பாடசாலை விடுமுறையில், வாப்பாவுக்கு வரவிருந்த குடும்பம் ஒன்று, பிள்ளைக்குச் சுகமில்லை என்று இரண்டு நாட்களுக்கு முன்னர் பயணத்தை நிறுத்திவிட்டது. வேன் கழுவித் துடைத்துத் தயாராக நின்றது. அன்றிரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாப்பா சொன்னார்: “புள்ளைகளுக்கும் லீவு. நாங்க போவோமே.”

உம்மா சிரித்தார். “எங்களுக்கு என்னத்தக் காட்டப் போறீங்க?”

“அவங்களுக்குக் காட்டுறதத்தான்” என்றார் வாப்பா.

தங்குவதற்குச் சொந்தக்காரர் வீடுகளையும், வாப்பாவுக்குத் தெரிந்தவர்களின் சிறிய விடுதிகளையும் பேசிக்கொண்டோம். உம்மா இரண்டு வேளைக்குப் புரியாணி கட்டினார். நான்கு பேரும் புறப்பட்டோம்.

முதல் நாள் சிகிரியா. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணித்தியாலப் பயணம்கூட முழுமையாக இல்லை. வெளிநாட்டுப் பெண்கள் எழுபது வயதிலும் ஏறுவதை வாப்பா வீட்டில் எத்தனையோ தடவை வியந்து சொல்லியிருக்கிறார். ஆனால் உம்மா தன் 43 வயது வரை அந்தக் குன்றைப் பணத்தாளிலும் பாடப்புத்தகத்திலும்தான் பார்த்திருந்தார். சிங்கப் பாதங்களுக்கு நடுவிலுள்ள படிகளின் முன்னால் வந்ததும் உம்மா நின்றுவிட்டார். உயரம் என்றால் அவருக்குப் பயம் என்பது வாப்பாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ‘எந்தப் பயணிக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, யாருக்கு மூட்டு வலி’ என்பதையெல்லாம் கொப்பியில் குறித்து வைக்கும் மனிதர் அவர். “ஒரு நாளும் நீங்க சொல்லல்லயே” என்றார். “ஒரு நாளும் நீங்க இங்க கூட்டி வரல்லயே” என்றார் உம்மா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நாலு தடவை உட்கார்ந்து, ஐந்தாம் தடவை எழுந்து, உச்சிக்குப் போனார்.

அங்கே வாப்பா சொன்ன ஒரு செய்தி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. 5 ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அமைத்த அந்தக் கோட்டையில் ‘கண்ணாடிச் சுவர்’ என்று ஒன்று இருக்கிறது. மன்னனின் காலம் முடிந்து சில நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அதைப் பார்க்க வந்த மக்கள், தங்கள் மனதில் பட்டதைச் சிறு கவிதைகளாக அச்சுவரில் கீறி வைத்தார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றை வாசித்தறிந்து, 685 கவிதைகளை 1956 இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் பெண்கள் எழுதியவையும் உண்டு. ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் வேனும் இல்லை, வீதியும் இல்லை. அந்தக் காலத்திலேயே பெண்கள் காட்டு வழியாக வந்து, பார்த்து, தங்கள் அபிப்பிராயத்தையும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கொங்கிரீட் வீதி வீட்டு வாசல் வரை வந்த காலத்தில், எங்களுக்கு என்ன தடை?

மாத்தளையில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வழமைபோல வேன் நின்றது. அங்கிருந்த இளைஞர் சாதிக்காயையும் வசவாசியையும் பற்றி விளக்கிக்கொண்டு போனார். சிறிது நேரத்தில் விளக்கம் சொல்பவர் மாறிவிட்டார். வசவாசியை எப்படிக் காய வைத்தால் நிறம் குறையாது, கராம்பை எந்தப் பருவத்தில் பறிக்க வேண்டும் என்று உம்மா சொல்ல, அந்தத் தம்பி கேட்டுக்கொண்டிருந்தார். உம்மாவின் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பலசரக்கு வியாபாரம். உம்மாவுக்குள்ளும் ஒரு வழிகாட்டி இருக்கிறார் என்பதை அன்றுதான் கண்டேன்.

கண்டி எங்கள் ஊர்தானே என்று நினைத்தேன். ஆனால் வாப்பா, கண்டி இராச்சியக் காலத்தில் ‘மடிகே’ என்றொரு போக்குவரத்துப் பகுதி இருந்ததையும், அதில் முஸ்லிம்கள் மாட்டுத் தவளங்களில் உப்பும் பாக்கும் ஏற்றி மலைப்பாதைகளில் நடந்ததையும் சொன்னார். “அப்பவே நாங்க டிரான்ஸ்போர்ட்தான்” என்று சிரித்தார். 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவர்களுக்கு இடம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். இதை நான் பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தேன். வாவிக்கரையில் நின்று கேட்டபோதுதான் அது எங்கள் வீட்டுக் கதையாகத் தெரிந்தது.

நுவரெலியா போகும் வழியில் தேயிலைத் தோட்டம். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைச் செய்கையை ஆரம்பித்ததிலிருந்து வாப்பாவின் கதை தொடங்கும். பயணிகள் இந்த இடத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடிப்பார்கள். உம்மா படம் பிடிக்கவில்லை, பேசினார். கொழுந்துக் கூடையுடன் நின்ற அந்த அக்காவுக்கு என் வயதில் மகள் இருக்கிறாள். உலகத்தின் எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வந்து அவர் நிற்கும் மலையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவரோ கடலைப் பார்த்ததில்லை. தீவில் பிறந்து கடலைப் பார்க்காத ஒருவர். உம்மா அதன்பின் வெகுநேரம் பேசவில்லை.

ஐந்தாம் நாள் நானுஓயாவிலிருந்து எல்லவுக்கு ரயில். பயணிகள் எல்லோரும் ஆசைப்படும் பகுதி இதுதான். ஆனால் ஒரு விடயத்தை நான் அன்றுதான் அறிந்தேன். வாப்பா அந்த ரயிலில் போனதே இல்லை! பயணிகளை ஏற்றிவிட்டு, அவர் பொதிகளுடன் வேனை வளைந்த வீதிகளில் ஓட்டிக்கொண்டு எல்லவுக்கு விரைய வேண்டும். ரயில் வந்து நிற்கும்போது அவர் நிலையத்தில் காத்திருக்க வேண்டும். 22 வருடங்களாக மற்றவர்களுக்கு அந்த ஜன்னல் காட்சியை வர்ணித்தவர், அந்த ஜன்னலில் உட்கார்ந்ததில்லை. ரயில் வந்ததும் உம்மா ஏறவில்லை. “நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வாப்பாவோட வேன்ல வாறேன்” என்றார். எல்ல நிலையத்தில் இருவரும் தேநீர்க் கோப்பையோடு எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

யாலவுக்குள் நாங்கள் போகவில்லை. ஜீப் கட்டணம் கையைக் கடித்தது. காலிக் கோட்டைக்குப் போனோம். வெளிச்சவீட்டுக்கு எதிரே இருக்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலைத் தூரத்திலிருந்து பார்க்கும் பயணிகள் தேவாலயம் என்றே நினைப்பார்களாம். அந்த மதிலோரத்தில் நின்றபடி வாப்பா இப்னு பதூதாவைப் பற்றிச் சொன்னார். 1344 இல் அவர் புத்தளம் பகுதியில் இறங்கினார். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்று ஆரியச் சக்கரவர்த்தியிடம் கேட்டார். மன்னர் அவருக்குப் பல்லக்கும், வழி தெரிந்த யோகிகளும், பிராமணர்களும், உணவு சுமக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பினார். மலையைக் கண்டு, காலியையும் கொழும்பையும் கடந்து, அவர் புத்தளம் திரும்பினார். ஒரு முஸ்லிம் பயணிக்கு ஒரு தமிழ் மன்னர் ஏற்பாடு செய்த சுற்றுலா அது!

கடைசி நாள் கொழும்பு நூதனசாலை. பெரும்பாலான ஏழு நாள் பயணங்களில் இதற்கு நேரம் இருப்பதில்லை. காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்ட அந்தக் கல்லை இங்கு கொண்டுவந்தவர் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயராலும் காணிக்கைகள் எழுதப்பட்டிருக்கின்றன. 1877 இல் திறக்கப்பட்ட அந்த நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தக்காரர். தம்பி கட்டடத்தை அண்ணாந்து பார்த்தபடி, “இத எங்கட ஆள் கட்டினதா?” என்று மூன்று தடவை கேட்டான்.

ஏன் இதையெல்லாம் விரிவாக எழுதுகிறேன்? 2019 ஏப்ரல் மாதத்துக்குப் பின்னர், வழிகாட்டியின் பெயரைக் கேட்டுவிட்டு வேறொருவரை அனுப்பச் சொன்ன பயணங்களும் இருந்தன. வாப்பா அதை எங்களிடம் சொன்னதில்லை. உம்மாவிடம் இரவில் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு கொரோனா வந்தது. 2018 இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்த நாட்டுக்கு, 2021 இல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. வேன் பலா மரத்தின் கீழ் நின்றது. வாப்பா மரக்கறி ஏற்றினார். அந்த நாட்களில், ‘நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்’ என்று வகுப்புக்கு வெளியே ஒருத்தி என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. கோபம் மட்டும் வந்தது. இன்று கேட்டால் கோபப்பட மாட்டேன். மடிகேயிலிருந்து தொடங்கி, காலிக் கல் வரை நிதானமாகச் சொல்வேன். பார்க்காத நாட்டைப் பற்றி மற்றவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கத்தான் வேண்டி வரும். பார்த்தவருக்குத் தன் பங்கைச் சொல்ல வாய் வரும்.

பெற்றோர்களின் தயக்கமும் எனக்குத் தெரியும். செலவு, பாதுகாப்பு, தொழுகைக்கு இடம், சுத்தமான மலசலகூடம். இவை சின்ன விடயங்கள் அல்ல. எங்கள் பயணத்திலும் ஒரு நாள் பெண்கள் தொழ இடம் தேடி முக்கால் மணித்தியாலம் அலைந்தோம். ஆனால் இந்தத் தயக்கங்களுக்கெல்லாம் விடை தெரிந்தவர்கள் எங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள். எந்தப் பள்ளிவாசலில் பெண்களுக்குத் தனியிடம் உண்டு, எந்தக் கடையில் முகம் கழுவலாம் என்று ஒவ்வொரு சாரதிக்கும் தெரியும். ஏழு நாட்களும் ஒரே மூச்சில் போக வேண்டும் என்பதும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு நாள் என்று ஒதுக்கினாலும், தரம் 11 இலிருந்து தரம் 13 க்குள் மகள் ஏழு நாட்களைவிட அதிகமாகப் பார்த்திருப்பாள்.

எங்கள் கல்லூரிச் சுற்றுலாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே நாளில் ஐந்து இடங்கள்; போகும்போது பைலா, வரும்போது தூக்கம். ஆசிரியைகள் கோபிக்கக் கூடாது. தவறு எங்கள் பக்கமும் உண்டு. ஒரு நாளுக்கு ஒரு இடம் போதாதா? போவதற்கு முன்னர் நான்கு மாணவிகள் அந்த இடத்தைப் படித்துத் தயாராகி, அங்கே அவர்களே எங்களுக்கு வழிகாட்டட்டும். சுற்றுலாக்காரரின் வட்டத்தில் வராத யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், காத்தான்குடி ஆகிய ஊர்களும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். அப்படி வழிகாட்டிய ஒருத்திக்கு நாளை அதுவே தொழிலாகவும் ஆகலாம். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழங்கும் வழிகாட்டி அனுமதிப்பத்திரத்தில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை.

அன்புத் தோழியரே, உங்கள் வாப்பா சாரதியாகவோ வியாபாரியாகவோ ஆசிரியராகவோ இருக்கலாம். அவர் போன ஊர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் உம்மா போன ஊர்களை எழுதுங்கள். இரண்டு பட்டியலுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தை வாப்பாவிடமே காட்டுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் இப்போது குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு உம்மா தன் கையால் எழுதியிருப்பது புத்தளம். நானுஓயா ரயிலில் வாப்பாவுக்கும் ஒரு இருக்கை என்பது அதற்கடுத்த வரி. அன்றைக்கு வேனை யார் ஓட்டுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. லைசன் எடுக்கும் வயது எனக்கு வந்துவிட்டது என்று நான் ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.