புரொஃபசருக்கு லொஜிக் பாடம் எடுக்க வேண்டாம்

‘மணி ஹெய்ஸ்ட்’ பற்றிக் கதை தொடங்கினால் போதும். பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் அந்த மோட்டார் சைக்கிளை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். மட்ரிட் நாணயச்சாலையைச் சுற்றிப் பொலிஸ் துவக்கோடு நிற்கிறது. டோக்கியோ தனியாளாக மோட்டார் சைக்கிளில் வந்து, படியேறி, உள்ளே போய்விடுகிறாள். “இதெல்லாம் நடக்குமோ? படிச்ச ஆக்கள் நீங்கள், இதை எப்பிடி இருந்து பாக்கிறியள்?”

நடக்காது. எங்களுக்கும் தெரியும். பட்டியல் வேணுமெண்டால் நாங்களே தருகிறோம். கொள்ளைக்குத் திட்டம் போட்ட மனுசன், தன்னைத் தேடுகிற பொலிஸ் அதிகாரியோடேயே கோப்பி குடித்துக் காதலிக்கிறார். சுவாசப்பையில் குண்டு பட்ட நைரோபிக்கு, பாகிஸ்தானிலிருந்து டொக்டர் வீடியோவில் சொல்லச் சொல்ல, வங்கிக்குள்ளேயே சத்திரசிகிச்சை நடக்கிறது. தன்னைச் சங்கிலியால் கட்டிவைத்த அலிசியா சியேராவுக்குப் புரொஃபசரே பிரசவம் பார்க்கிறார். இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் விடிய மூன்று மணிக்கு அடுத்த அத்தியாயத்தை அமத்தினோம். அதைக் களவாய்ச் செய்த காரியம் மாதிரி மறைக்கவும் மாட்டோம்.

எங்கட காத்தவராயன் கூத்தை எடுங்கோ. ஆதிகாத்தான் ஒருவர், பின்காத்தான் இன்னொருவர். ஒரே ஆளுக்கு இடையில் முகம், குரல், உயரம் எல்லாம் மாறிவிடுகிறது. அம்மம்மாமார் விடியவிடியப் பார்த்து, கழுமரத்தடியில் அழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்கள். ‘மூக்கு எப்பிடி மாறினது?’ என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமோ?

மோட்டார் சைக்கிளுக்கே திரும்பி வருவோம். டோக்கியோவை உள்ளே எடுக்கக் கதவைத் திறந்த நேரத்தில்தான் மொஸ்கோவுக்கு வெடி படுகிறது. சுரங்கத்தில் வேலை செய்த மனுசன், டென்வரின் அப்பா. மெல்ல மெல்லச் சாகிறார்; மகன் பக்கத்திலேயே இருக்கிறான். நடக்க முடியாத ஒரு காட்சிக்கு நடக்கக்கூடிய விலை ஒன்றைத் தொடர் கட்டுகிறது. லொஜிக் கணக்குப் பார்க்கிறவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த அப்பாவைத் தவறவிட்டுவிட்டார்.

எல்லா ஓட்டையும் எங்களுக்கு ஒன்றில்லை. 2017 இல் ஸ்பெயினின் அன்ரெனா 3 தொலைக்காட்சியில் தொடங்கியபோது இது நாணயச்சாலைக் கதை மட்டும்தான். காசைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை, உள்ளே இருந்து அச்சடிப்பது. அச்சடிக்க நேரம் வேணும். அதனால் காத்திருப்பு, சண்டை, சந்தேகம், பணயக் கைதிகளோடு ஒரே கூரையின் கீழ் புழுக்கம். நடக்காத விசயங்கள்கூட ஆட்களின் குணத்திலிருந்து வந்தன. டோக்கியோ அவசரக்காரி, ஆகவே மோட்டார் சைக்கிள். பிறகு நெட்ஃபிளிக்ஸ் வாங்கி, உலகம் முழுக்கப் பிடித்துப்போய், ஸ்பெயின் வங்கிக்குள் புகுந்தார்கள். ஐந்தாம் பாகத்தில் இராணுவம் இறங்கிச் சுட்டுக்கொண்டே இருக்கிறது. அங்கே எங்களுக்கே கொட்டாவி வந்தது. குணம் போய் வெடிச்சத்தம் மிஞ்சிவிட்டது. நம்ப முடியாததைச் செய்ததற்காக நாங்கள் கோபிக்கவில்லை. ஆளே இல்லாமல் செய்ததுதான் கோபம்.

இன்னும் பெரிய கோபம் வேறு இரண்டு இருக்கிறது. லொஜிக்காரர்கள் அவற்றைத் தொடுவதே இல்லை.

முதலாவது மோனிகா. பணயக் கைதி. பேர்லின் அவளைக் கொல்லச் சொல்கிறான். டென்வர் கொல்லாமல், தொடையில் சுட்டு ஒளித்துவைக்கிறான். பிறகு காதல். பிறகு ‘ஸ்டொக்ஹோம்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள், பகிடியைத் தாங்களே முந்திச் சொன்னால் கேள்வி வராது என்று நினைத்தோ என்னவோ. ரக்கேலின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான். முன்னாள் கணவனிடம் அடிபட்டு வந்தவள், தன்னோடு படுக்கிறவன் யாரென்று தெரியாமலே காதலிக்க வைக்கப்படுகிறாள். துவக்கும் தகவலும் ஆண்களின் கையில். மன்னிப்பு மட்டும் பெண்களின் வேலை. மோட்டார் சைக்கிளுக்குச் சிரித்த எத்தனை பேர் இதைக் கேட்டார்கள்? நாங்களும் முதல்முறை பார்த்தபோது கேட்கவில்லை. இரண்டு சோடிக்கும் கைதட்டினோம்.

இரண்டாவது, புரொஃபசரின் பெரிய பேச்சு. ஐரோப்பிய மத்திய வங்கி வெறுங்கையிலிருந்து காசை உண்டாக்கி வங்கிகளுக்குக் கொடுத்தது, அதை யாரும் களவு என்று சொல்லவில்லை, நாங்கள் அச்சடித்தால் மட்டும் களவா என்று ரக்கேலிடம் கேட்கிறார். 2011 இல் இளைஞர்கள் சதுக்கங்களில் குந்தியிருந்த நாடு அது. 2012 இல் பாங்கியா வங்கியை அரசு காப்பாற்றியது. 2013 இல் வேலை தேடியவர்களில் நாலில் ஒரு பங்குக்கும் கூடுதலானவர்களுக்கு வேலை இல்லை. அந்தக் கேள்வியின் சூடு உண்மையானது. தொடரை நிறுத்தி வைத்திருக்கிற தூணே அந்தச் சூடுதான்.

ஆனால் ‘யாருடைய காசையும் எடுக்கவில்லை’ என்ற இடத்தில் எங்களுக்குத் தொண்டை அடைக்கிறது. 2022 இல் இந்த நாட்டில் சந்தையில் மீன் விற்கிறவரும் காசு அச்சடிக்கிறதைப் பற்றிக் கதைத்தார். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. காரணம் அச்சடிப்பு மட்டும் இல்லைத்தான். ஆனாலும் அம்மா சேர்த்துவைத்த காசு வங்கிப் புத்தகத்தில் அப்படியே இருந்தது, அதுக்கு வாங்கக்கூடிய சாமான்தான் பாதியாகிப்போனது. அச்சடித்த காசு யாரோ ஒருவரின் பையிலிருந்துதான் வருகிறது. புரொஃபசரின் கும்பல் கொண்டுபோன 984 மில்லியன் யூரோ ஐரோப்பாவுக்குக் கடலில் கரைச்ச உப்பு. அதால் கேள்வி பிழைக்காது. அந்தப் பேச்சுக்கு எழும்பி நின்று விசிலடித்தவர்கள் நாங்கள், அதனால்தான் இவ்வளவு குடைகிறது.

பிடிக்காத ஆளுக்கு இந்தச் சண்டை வராது. அவருக்கு மோட்டார் சைக்கிள் போதும், அதோடு ரீவியை நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவார். நாங்கள் அடுத்த நீண்ட விடுமுறைக்கு முதலாம் பாகத்திலிருந்து திரும்பவும் தொடங்கப்போகிறோம். டோக்கியோ படியேறும்போது கத்துவோம். மொஸ்கோவுக்கு அழுவோம். மோனிகாவுக்குப் பெயர் வைக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, விடியும்வரை அடிபடுவோம்.