ஓரியின் வில்லும் ஸ்பார்ட்டாவின் சோறும்

ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. அரசு விழா. சிலைக்கு மாலை, மலர்க் கண்காட்சி, கலை நிகழ்ச்சிகள், வில்வித்தைப் போட்டி. இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும் வண்டிகளின் பின்கண்ணாடியில் இருக்கிறது. 'ஆண்ட பரம்பரை', 'வீர வம்சம்', பக்கத்திலேயே ஏதோ ஒரு சாதிச் சங்கக் கொடியின் நிறம். சில ஆண்டுகளாக அதோடு ஒரு புதுப் படமும் சேர்ந்திருக்கிறது. கண்ணும் வாயும் மட்டும் தெரிகிற, உச்சியில் குதிரைமயிர் வைத்த வெண்கலத் தலைக்கவசம். ஸ்பார்ட்டா வீரனுடையது. மலையடிவாரத்தில், சேந்தமங்கலம் பக்கம் வளர்ந்தவன் நான். எங்கள் ஊர் ஜிம் சுவரிலும் அதே கவசம்தான்.

'300' படம் பார்த்த தம்பி ஒருவன் சொன்னான்: "அவங்களும் நம்மள மாதிரிதாண்ணா, ரத்தத்துலயே போர் இருந்த கூட்டம்." ஸ்பார்ட்டாவுக்கும் நம் சமூகத்துக்கும் ஒற்றுமை இருப்பது உண்மைதான். ஆனால் அவன் நினைக்கிற இடத்தில் இல்லை.

ஸ்பார்ட்டாக் குடிமகன் 7 வயதில் பயிற்சிக்குப் போவான். உழவு இல்லை, கைத்தொழில் இல்லை, வணிகம் இல்லை. ஆயுசுக்கும் ஆயுதம்தான். அப்படியானால் அவனுக்குச் சோறு போட்டது யார்? பக்கத்து மெசேனியாவைப் பிடித்து, அந்த மக்களைத் தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு கட்டிப்போட்டிருந்தது ஸ்பார்ட்டா. ஹெலட்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். ஹெலட்டின் பிள்ளை ஹெலட். அவர்கள் நாய்த்தோல் தொப்பி அணிய வேண்டும் என்றும், தவறே செய்யாவிட்டாலும் ஆண்டுதோறும் அடி வாங்க வேண்டும் என்றும் விதி இருந்ததாகப் பழைய கிரேக்க எழுத்தாளர் மைரோன் எழுதியிருக்கிறார். தோள்சீலைக்குப் போராடிய மண்ணில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். எஃபோர்கள் என்ற ஆட்சியாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் பதவியேற்றதும் ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள் என்று அரிஸ்டாட்டில் சொன்னதைப் புளூட்டார்க் பதிவு செய்கிறார். காரணம், கொன்றால் பாவம் ஒட்டக்கூடாது! சொந்த வயலில் வேலை செய்கிறவன் மீது சாஸ்திரப்படி ஒரு போர். பிறகு தேர்ந்தெடுத்த இளைஞர்களைக் குறுவாளோடு அனுப்புவார்கள். பகலில் பதுங்கி, இரவில் வெளியே வந்து, கண்ணில் படும் ஹெலட்டுகளை, அதிலும் நிமிர்ந்து நிற்கும் திடமானவர்களைக் கொல்வார்கள். கிரிப்டெய்யா என்று இதற்குப் பெயர். படத்தில் இது வராது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் இரவில் வீடு புகுந்து வெட்டியவர்கள், அவரோடு படித்த மாணவர்கள். அந்தப் பிள்ளைகளின் கையில் அரிவாளைக் கொடுத்தது எது? 'நாம் வீரப் பரம்பரை' என்று வீட்டிலும் தெருவிலும் ஊட்டப்பட்ட கதைதான். வீரம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் எந்தக் கோட்டையையும் பிடிக்கப் போகவில்லை, பக்கத்துத் தெருவுக்குத்தான் போனான். ஸ்பார்ட்டாவின் பயிற்சியும் பாரசீகனுக்காக மட்டும் நடந்ததல்ல. வயலில் நிற்பவன் ஒருநாள் திரும்பி நின்றுவிடுவானோ என்ற பயம் அதன் அடியில் இருந்தது.

அந்தப் புகழ்பெற்ற போர்களைத்தான் யார் நடத்தினார்கள்? கி.மு. 479இல் பிளாட்டியா போருக்குப் போன 5,000 ஸ்பார்ட்டன்களோடு ஆளுக்கு 7 ஹெலட்டுகள் போனார்கள் என்பது ஹெரோடோட்டஸ் தரும் கணக்கு. தெர்மோபிலேயில் லியோனிடாசோடு கடைசிவரை நின்று செத்தவர்களில் தெஸ்பியா ஊரின் 700 பேரும் உண்டு, ஹெலட்டுகளும் உண்டு. சுவரொட்டியில் இடம் கிடைத்தது 300 பேருக்கு. துசிடிடீஸ் சொல்லும் கதை இன்னும் கொடுமை. போரில் சிறப்பாக உழைத்த ஹெலட்டுகள் முன்வந்தால் விடுதலை என்று அறிவித்தார்கள். 2,000 பேர் தேர்வானார்கள். தலையில் மாலையோடு கோயில் கோயிலாகச் சுற்றி வந்தார்கள். பிறகு அவர்களைக் காணவில்லை. எப்படிச் செத்தார்கள் என்பதுகூட யாருக்கும் தெரியாது.

நம் ஓரிக்கு வருவோம். புறநானூற்றில் வன்பரணர் காட்டும் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக் கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய் நிறுத்திய வேட்டைக்காரன். பசித்து வந்த பாணர்களுக்குக் கறியும் பொன்னும் கொடுத்தவன். அவர்கள் புகழ்ந்தபோது தன் பெயரைக் கேட்டு நாணியவன் (இருபதடி ஃபிளெக்ஸ் வைப்பவர்கள் இந்த இடத்தை ஒருமுறை படிக்கலாம்). அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி. மூவேந்தரும் துணைக்கு அழைத்துப் பொருள் தரும் நிலையில் காரி இருந்ததைக் கபிலரே பாடியிருக்கிறார். கடையெழு வள்ளல்கள் பட்டியலில் கொன்றவனும் இருக்கிறான், கொல்லப்பட்டவனும் இருக்கிறான். இருவருடைய குதிரைகளையும் அதே காரி, ஓரி என்ற பெயர்களால் சிறுபாணாற்றுப்படை குறிக்கிறது. குதிரைக்குப் பெயர் உண்டு. ஓரிக்காக நின்று செத்த மலைக்காரன் ஒருவனுக்கும் இல்லை. போர்க்களத்தில் துடி அடித்தவரை அதே புறநானூறு புலையன் என்றும் இழிசினன் என்றும் விளிக்கிறது.

இன்று ஓரிக்கு உரிமை கோரும் சாதி ஒன்றல்ல. காரிக்கும் ஆள் இருக்கிறார்கள். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழிக் கதையோ, தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்கிறது. தங்களுக்கென்று ஒரு கதை வைத்திருக்கும் அவர்களிடம் மிளகுக்கும் பலாப்பழத்துக்கும் பேரம் பேசிவிட்டு, ஓரி சிலையோடு செல்ஃபி எடுத்து 'எங்கள் பாட்டன்' என்று போடுகிறார்கள் கீழே இருந்து வந்தவர்கள்.

கோரேகான் தூணை நீங்கள் கொண்டாடவில்லையா என்று கேட்பார்கள். கேட்கட்டும். 1818 போரில் கம்பெனிப் படையில் இறந்து அந்தத் தூணில் பெயர் பொறிக்கப்பட்ட 49 பேரில் 22 பேர் மகர்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் 1890களில் 'போர் இனம் அல்ல' என்று சொல்லி ஆங்கிலேயர் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் 1941இல் மகர் ரெஜிமெண்ட் வந்தது. இடையில் ரத்தமா மாறியது? 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்தத் தூணுக்குப் போனது, ஆயுதம் ஒரு சிலரின் பிறப்புரிமை என்ற பொய்யை உடைக்க. சதுர்வர்ணம் கீழே இருப்பவனிடமிருந்து ஆயுதத்தைப் பறித்ததால்தான் அவனால் கிளர்ந்தெழ முடியவில்லை என்று 'சாதி ஒழிப்பு' நூலில் அவர் வாதிடுகிறார். அந்தத் தூணை நாமும் ரத்தப் பெருமையாக மாற்றினால் அவரைத்தான் மறுக்கிறோம்.

ஸ்பார்ட்டா முடிந்த கதையும் உண்டு. கி.மு. 480இல் சுமார் 8,000 குடிமகன்கள் இருந்தார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். பொது உணவுக்கூடத்துக்குப் பங்கு தர முடியாதவனை வெளியே தள்ளினார்கள், வெளியில் இருந்தவனை எளிதில் உள்ளே விடவில்லை. கி.மு. 371இல் லியூக்ட்ராவில் எபமினோண்டாஸ் எதிரே வந்து நின்றபோது களத்தில் இருந்த குடிமகன்கள் 700 பேர்தான். 400 பேர் செத்தார்கள். இரண்டே ஆண்டில் மெசேனியா விடுதலையானது, ஹெலட்டுகளின் பிள்ளைகளுக்கு மெசேனே என்ற நகரம் எழுந்தது. அதன் கல்மதில் இன்றும் நிற்கிறது. அதைப் பற்றி ஒரு படம் வந்தால் முதல் டிக்கெட் எனக்கு.

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மாணவர் கையில் சாதி நிறக் கயிறு கூடாது என்று பரிந்துரைத்தது. பள்ளிக்குச் சொன்னதை அரசு தன் விழாவுக்கும் சொல்லலாம். ஓரி விழா நாட்களில் சாதிக் கொடியும் சாதி வாசகமும் ஒட்டிய வண்டிகளை அடிவாரத்திலேயே நிறுத்தி, கிழித்துவிட்டு மேலே அனுப்பச் சொல்லி நாமக்கல் ஆட்சியருக்கு மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட வாருங்கள், தோழர்களே.