பதறாத கை

“பதறாத காரியம் சிதறாது” என்பது நம் முன்னோர் வாக்கு. அடுக்களைக்கும் கடைத்தெருவுக்கும் பொருந்தும் இவ்வாக்கு, அமெரிக்க நாட்டின் பேஸ்போல் ஆடுகளத்துக்கும் பொருந்துமாற்றை இவ்வாரம் எடுத்துரைக்க எண்ணுகின்றோம். அவ்விளையாட்டை அறியாத நேயர்களும் உடன் வரலாம். வேண்டுவன சில சொல்லிக்கொண்டே செல்வோம்.

பேஸ்போலில் பந்தெறிபவர் சிறு மேடொன்றின்மீது நிற்பார். அவருக்கு முன்னே 60 அடி 6 அங்குலத் தொலைவில் நிலத்தோடு பதித்த வெண்தகடு ஒன்று உண்டு. அதன் அகலம் 17 அங்குலமே. கிரிக்கெட்டிற் போல இங்கே பந்து நிலத்திற் குத்தி எழுவதில்லை. அடிப்பவரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில், அத்தகட்டுக்கு மேலாக அது பறந்து செல்லல் வேண்டும். அடிப்பவர் அடிக்க முயலாது விட்ட பந்துகளுள் நான்கு அவ்வெல்லை தவறுமாயின், அவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதலாந் தளத்துக்கு நடந்தே செல்வார். எதிரிக்கு நாமே மனமுவந்து கொடுக்கும் தானம் போன்றது இந்த நடை.

எல்லை தவறுவதும் எளிது. பந்து கையைவிட்டு நீங்கும் இடத்திலிருந்து தகடு ஏறக்குறைய 55 அடித் தூரம். நீங்கும் திசை ஒரேயொரு பாகை பிசகினும், தகட்டை அடையும்போது பந்து ஏறத்தாழ ஓரடி விலகிவிடும். தகட்டின் நடுவிலிருந்து அதன் ஓரமோ எட்டரை அங்குலமே. கையில் மயிரிழையாகத் தோன்றும் பிழை அங்கே முழுப் பிழையாகிவிடுகின்றது.

புறூக்ளின் நகரிற் பிறந்த சாண்டி கோஃபாக்ஸ் என்னும் இடக்கை இளைஞர், 1955 ஆம் ஆண்டு தமது 19 ஆவது வயதில் டொட்ஜர்ஸ் அணியிற் களம் புகுந்தார். அவர் பந்தின் வேகத்தைக் கண்டு வியவாதார் இல்லை. ஆயினும் பெருந்தொகை பெற்று ஒப்பந்தமான இளைஞரை இரண்டாண்டுகள் முதன்மை அணியிலேயே வைத்திருத்தல் வேண்டும் என்பது அக்காலத்து விதி. ஆதலால் சிறிய அணிகளில் ஆடிப் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. நீந்தப் பழகுமுன்னரே ஆழத்தில் இறக்கிவிடப்பட்ட பிள்ளையின் நிலை அவர் நிலை. பந்து தவறுந்தோறும் இன்னும் விசையாக எறிந்தார். விசை கூடக்கூடப் பந்து மேலும் தவறியது. 1960 இல் மட்டும் 100 நடைகள் கொடுத்தார். ஒரு முழு ஆட்டத்துக்கு ஐந்துக்கு மேல் என்னும் கணக்கு இது.

1961 இன் இளவேனிற் பயிற்சிக் காலத்தில், புளோரிடாவின் ஒர்லாண்டோ நகரில் நடந்த ஓர் ஆட்டத்திலும் அதே கதைதான். தொடக்கத்திலேயே அடுத்தடுத்து நடைகளைக் கொடுத்துத் தடுமாறினார். அப்போது பந்து பிடிப்பவரான நோம் ஷெரி மேட்டுக்கு நடந்து சென்றார். அவர் ஏசவில்லை. விசையைச் சற்றே தளர்த்தும்படியும், அடிப்பவர் அடித்தால் அடிக்கட்டும் என்றும் அமைதியாகச் சொன்னார். கோஃபாக்ஸ் அவ்வாறே செய்தார். பந்து சொன்ன இடத்துக்குச் சென்றது. வேகமும் குறைந்ததாய்த் தோன்றவில்லை. அப்பயிற்சிக் காலத்திலேயே மற்றொரு குறையும் கண்டறியப்பட்டது. எறியுமுன் உடலை மிகையாகப் பின்னுக்குச் சாய்த்தமையால், இலக்கு அவர் கண்ணுக்கே மறைந்துபோயிருந்தது.

இவ்விரு திருத்தங்களின் காரணத்தை நோக்குவோம். எறிதல் கையின் தொழில் அன்று. உடல் முழுவதன் தொழில். முன்கால் இலக்கை நோக்கி நேரே ஊன்றப்படும். பின் இடுப்புத் திரும்பும். அதன்பின் மார்பும் தோளும். கை கடைசியிலேயே வரும். காலிலிருந்து எழுந்த விசை ஒன்றன்பின் ஒன்றாக ஏறி விரல்நுனியை அடைகின்றது. பதற்றத்தோடு எறிபவருக்கு இவ்வொழுங்கு குலைகின்றது. உடல் முந்திக் கை பிந்தினால், பந்து உரிய நேரத்துக்கு முன்னரே கையை நீங்கி மேலே பறக்கும். மிகவும் பிந்தி நீங்கினால் நிலத்திற் குத்தும். ஊன்றிய கால் பக்கவாட்டிற் சென்றால் உடலும் குறுக்கே இழுபடும். தலை ஆடினாலோ கண்ணும் ஆடும். கண் ஆடியபின் கைக்கு வழிகாட்டுவார் யார்?

திருந்திய கை செய்த அருஞ்செயல்கள் பல. 1963 இல் கோஃபாக்ஸ் கொடுத்த நடைகள் 58 மட்டுமே. முழு ஆட்டத்துக்கு இரண்டுக்குங் குறைவு. 1965 செப்டம்பர் 9 ஆம் நாள் எதிரணியின் 27 பேரும் வந்து, ஒருவரேனும் தளமேறாது திரும்பினர். ஆயினும் இடது முழங்கையை வாதநோய் பற்றிக்கொண்டது. 1966 இல், முப்பதே வயதில், அவர் ஓய்வு பெற்றார். அவர் ஆடிய ஆண்டுகள் பன்னிரண்டு. அவற்றுள் முற்பாதி ஆறும் பெரும்பாலும் தடுமாற்றத்திலேயே கழிந்தன என்பதை எண்ணும்போது நம் நெஞ்சு நோகின்றது.

பிள்ளைகள் எறியப் பழகும் வீட்டாருக்கு நாம் கூறுவது இதுவே. முதலில் பந்தின்றி, கண்ணாடி முன் மெதுவாக அசைவைப் பழகட்டும். பின்னர் குறுகிய தூரத்தில் பாதி விசையோடு எறியட்டும். தவறாது எறிய வந்தபின் தூரத்தையும் விசையையும் கூட்டலாம். கை வலிக்கின்றது எனின் அன்றே நிறுத்துக. அமெரிக்கச் சிறுவர் அமைப்பான லிட்டில் லீக், 2007 முதல் நாளொன்றுக்கு எறியும் பந்துகளுக்கே வரம்பு விதித்தது. 11, 12 வயதினர்க்கு அது 85.

யாவற்றிலும் மேலாக, பிள்ளையின் பந்து தவறும்போது வேலியோரம் நின்று “இன்னும் வேகமாய் எறி” என்று கூவாதிருப்போமாக. ஆறாண்டுத் தடுமாற்றத்தைத் தீர்க்க வழி திறந்தது, அருகிற் சென்று தாழ்ந்த குரலிற் சொன்ன ஒரு சொல்லே அன்றோ!