நின்றுதான் சுட வேண்டும்

புழலில் இருக்கிறேன் என்று சொன்னாலே "உள்ளேயா சார், வெளியேயா?" என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. வெளியேதான். ஏரிப் பக்கம் காலை நடை போய்விட்டு டீக்கடையில் நிற்கும் கிழவர் கூட்டத்தில் நானும் ஒருவன். போன வாரம் அந்தக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், பேரனோட உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுறீங்களாமே? பசங்களைக் கெடுக்கிற குப்பை சார் அது. நீங்களுமா?"

வீட்டுக்கு வந்தால் என் மகள் வயிற்றுப் பேரன், கல்லூரியில் படிக்கிறவன், வேறொரு பக்கம் தாக்கினான். "தாத்தா, உங்க பழைய கேம்ல நடந்துகிட்டே சுடக்கூட முடியாது. அதைப் போய் பெரிசா பேசுறீங்களே!"

ஒருவருக்கு எல்லாமே குப்பை. இன்னொருவனுக்குப் பழசு மட்டும் குப்பை. இருவருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. நான் சொல்வது இதுதான்: 2005-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 என்ற விளையாட்டை இன்றுவரை எதுவும் மிஞ்சவில்லை. 2023-ல் அதே கம்பெனி புதிதாகச் செய்து விற்ற அதே விளையாட்டும் மிஞ்சவில்லை.

வீடியோ கேம் பக்கமே போகாதவர்களுக்கு ஓர் உதாரணம். 2005 ஏப்ரலில் 'சந்திரமுகி' வந்தது. 1993-ல் ஃபாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் கதை. சாந்தி தியேட்டரில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. 2023-ல் அதே பி.வாசு 'சந்திரமுகி 2' எடுத்தார். பணம் அதிகம், கம்ப்யூட்டர் வேலை அதிகம், வடிவேலுகூட இருந்தார். நீங்களே சொல்லுங்கள், இன்றைக்கு டிவியில் இரண்டும் ஒரே நேரத்தில் போட்டால் எதைப் பார்ப்பீர்கள்? முதல் படத்தில் அந்தப் பூட்டிய அறை திறக்கும்வரை நம்மைக் காக்க வைத்தார்கள். அந்தக் காத்திருப்பில்தான் பயம் இருந்தது.

ரெசிடென்ட் ஈவில் 4 கதையும் எளிமையானது. அமெரிக்க ஜனாதிபதியின் மகளைக் கடத்திவிடுகிறார்கள். அவளைத் தேடி லியோன் என்ற அதிகாரி ஸ்பெயின் தேசத்து மலைக் கிராமம் ஒன்றுக்குப் போகிறான். அங்கே ஊர் ஜனங்களின் உடம்புக்குள் ஒட்டுண்ணிப் பூச்சி புகுந்து அவர்களை ஆட்டிவைக்கிறது. செய்தவர்கள் ஜப்பானின் கேப்காம் கம்பெனி. இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. முதலில் நின்டென்டோவின் கேம்க்யூபுக்கு ஜனவரியில் வந்தது, அந்த வருஷக் கடைசிக்குள் பிளேஸ்டேஷன் 2-க்கும் வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு அது 2006-ல் வந்தது. அப்போது நான் சர்வீஸில் இருந்தேன். ராஜாஜி சாலை அலுவலகத்திலிருந்து இறங்கினால் நாலு எட்டில் பர்மா பஜார். கல்லூரியில் படித்த என் இளைய மகன் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் அங்கே ஒரு பழைய பிளேஸ்டேஷன் வாங்கி வந்துவிட்டான். எனக்கு மகா கோபம். அந்த நாட்களில் எங்கள் இருவருக்கும் அவ்வளவாகப் பேச்சு இல்லை. மணி பத்தானால் அணைக்கச் சொல்வதற்காகவே அவன் பின்னால் நாற்காலி போட்டு உட்காருவேன். போலீஸ்காரன் வேலை.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் திரையில் ஒரு டைப்ரைட்டரைப் பார்த்தேன். "அது எதுக்குடா?" என்றேன். "அதுகிட்ட போனா ஆட்டத்தை சேவ் பண்ணலாம்பா" என்றான். அதை விட்டால் ஓர் அத்தியாயம் முடியும்போதுதான் சேவ் செய்ய முடியும். அதற்குள் கரன்ட் போனால் பட்ட பாடெல்லாம் வீண்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். டைப் அடிக்கக் கற்றதும் பிரெஞ்சு மெஷினில். அதில் மேல் வரிசை ஏ, இசட், இ, ஆர் என்று தொடங்கும். சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது கியூ, டபிள்யூ என்று தொடங்கும் மெஷினில் விரலைத் திரும்பப் பழக்க ஒரு வருஷம் ஆனது. முப்பது வருஷத்துக்கு மேல் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். பேய் ஊரில் நிம்மதியாக மூச்சு விடும் இடம் ஒரு டைப்ரைட்டர் என்று யாரோ ஒரு ஜப்பான்காரர் வைத்திருக்கிறார்! அந்தக் கிராமத்து ஆட்கள் ஸ்பானிஷில் கத்துவது பிரெஞ்சு தெரிந்த எனக்குப் பாதி புரிந்தது. "பின்னாடி ஒருத்தன் வர்றான்னு சொல்றாங்கடா" என்றேன். மகன் திரும்பிப் பார்த்தான், திரையை அல்ல, என்னை. அன்று பத்து மணிக்கு அணைக்கச் சொல்லவில்லை.

சரி, வாதத்துக்கு வருகிறேன்.

இந்த ஆட்டத்தில் கேமரா லியோனின் தோளுக்குப் பின்னால் நிற்கிறது. 1996-ல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவிலில் கேமரா சுவர் மூலையில் அசையாமல் நின்றது. இதில் நாம் அவன் தோளோடு ஒட்டிப் போகிறோம். ஆனால் துப்பாக்கியைத் தூக்கினால் கால் நின்றுவிடும். ஓடலாம் அல்லது சுடலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. பேரன் குறை என்று சொல்வது இதைத்தான். இந்த ஆட்டத்தின் உயிர் அதுதான் என்கிறேன் நான்.

முதல் ஊர்ச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துகிறோம். ஏணி வைத்து மாடி ஜன்னல் வழியாக ஏறுகிறார்கள். ஏணியைத் தள்ளிவிட்டால் திரும்ப நிமிர்த்துகிறார்கள். தலையில் சாக்கு மாட்டிய ஒருவன் மெஷின் ரம்பத்தோடு வருகிறான். 2016-ல் வர்தா புயல் முடிந்து தெருவெல்லாம் மரம் அறுத்தார்களே, அந்தச் சத்தம். அவன் கிட்டே வந்தால் தலை போய்விடும். இப்போது நீங்கள் முடிவு செய்ய வேண்டும்: ஓடுவதா, நின்று குறி வைப்பதா? நின்றால் முதுகுப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது. ஓடினால் எதிரி ஒருவனும் குறையமாட்டான். கடைசியில் எங்கிருந்தோ கோயில் மணி அடிக்கிறது, எல்லோரும் ஆயுதத்தைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்து போய்விடுகிறார்கள். அந்த மணிச் சத்தம் கேட்டதும் என் மகனும் நானும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். நம்மை நிற்க வைத்தவர்கள் எதிரிகளுக்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். ஓடிவருகிறவன் கிட்டே வந்ததும் வேகத்தைக் குறைத்து நிதானிக்கிறான். அந்த ஒரு நொடி நமக்குத் தரப்பட்ட அவகாசம். முழங்காலில் சுட்டால் தடுமாறுவான், ஓடிப்போய் உதைக்கலாம். எல்லாம் அளந்து வைத்த கணக்கு.

2023 ஆட்டத்தில் நடந்துகொண்டே சுடலாம். அந்த மெஷின் ரம்பத்தையே கத்தியால் தடுக்கலாம். சாதாரண நிலையில் ஆட்டம் தானாகவே சேவ் ஆகிவிடுகிறது, டைப்ரைட்டர் ஒரு அலங்காரம்போல நிற்கிறது. எதிரிகளை வேகமாக்கி ஈடுகட்டியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் "இப்போது என்ன செய்வது?" என்று வயிற்றைப் பிசைகிற அந்த முடிவு காணாமல் போய்விட்டது. கை வேகம் மட்டும் மிச்சம்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ரசீன் நாடகங்கள் பாடம். ஒரே இடம், ஒரே நாள், ஒரே கதை, வரிக்குப் பன்னிரண்டு அசை என்று விதி. 'பெரெனிஸ்' நாடகத்தில் ஒருவரும் சாவதுகூட இல்லை. சின்ன வயதில் இதென்ன கொடுமை என்று நினைத்தேன். தமிழை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்த பிறகு வெண்பாவைப் பார்த்தேன். அதில் தளை என்று ஒன்று. தளை என்றால் விலங்கு. விலங்கைக் கழற்றிவிட்டால் வெண்பா இருக்காது, உரைநடைதான் இருக்கும். அந்த ஆட்டத்துக்கு நின்று சுடுவதுதான் தளை.

"இது பழைய ஞாபக மயக்கம்" என்பார்கள். எனக்கு இது பால்ய நினைவு அல்ல ஐயா. முதல் முறை ஆடும்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. பழையதில் குறையும் சொல்வேன். கடைசிப் பகுதியான தீவு இழுவை. திடீர் திடீரென்று ஒரு பட்டனை அழுத்தச் சொல்லி, அழுத்தாவிட்டால் கொன்றுவிடுவது எரிச்சல். அந்தப் பெண் ஆஷ்லியைப் பழையதில் கூச்சலிடும் சுமையாக வைத்தார்கள், புதியதில் மனுஷியாக ஆக்கியிருக்கிறார்கள். அது நல்ல காரியம்.

"நிற்க வைத்தால் போதுமென்றால் அடுத்து வந்த ஐந்தாம் பாகம்?" என்று பேரன் மடக்கினான். நல்ல கேள்வி. 2009-ல் வந்த அதிலும் நின்றுதான் சுட வேண்டும். ஆனால் எப்போதும் பக்கத்தில் ஒரு துணை ஆள் துப்பாக்கியோடு நிற்கிறாள். துணைக்கு ஆள் இருந்தால் சுடுகாட்டிலும் தூக்கம் வரும். 2012-ல் ஆறாம் பாகத்தில் நடந்துகொண்டே சுட விட்டார்கள், அத்தோடு பயமும் போயிற்று. கியர்ஸ் ஆஃப் வார் (2006), டெட் ஸ்பேஸ் (2008) எல்லாம் அந்தத் தோள் கேமராவை இதனிடமிருந்துதான் கற்றுக்கொண்டன. அவற்றைச் செய்தவர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

தலைமையாசிரியருக்கு ஒரு வார்த்தை. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்து உயிரை விட்ட செய்திகளைப் படித்து நாம் எல்லோரும் பதறினோம். அரசு 2022-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது நானும் வரவேற்றேன். ஆனால் அதையும் இதையும் ஒரே கூடையில் போட்டால் பிள்ளைகள் நம்மை மதிப்பார்களா? இது வயது வந்தவர்களுக்கான ஆட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. அதுவும் சரி. ஆனால் ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் முடிந்தது. உள்ளே செலவழிப்பது பெசெட்டா என்ற பொய்க் காசு, அதையும் ஆடித்தான் சேர்க்க வேண்டும். புதிய ஆட்டம் வெளிவந்து சில வாரங்களில், துப்பாக்கியை உச்சத்துக்கு மேம்படுத்த நிஜப் பணத்துக்கு டிக்கெட் விற்க ஆரம்பித்தார்கள். நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் அது. பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் பேரப்பிள்ளை நம் எச்சரிக்கையைக் காதில் வாங்குவான். எம்.ஜி.ஆரா சிவாஜியா என்று ஐம்பது வருஷம் சண்டை போட்டவர்களுக்கு இது முடியாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து பழைய மெஷினை இறக்கிப் பேரன் கையில் கொடுத்தேன். அந்தக் கிராமத்தில் மூன்று முறை செத்தான். மூன்றாவது முறை திட்டுவதை நிறுத்திவிட்டான். நாலாவது முறை மணி அடித்தது. உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சொன்னான்: "பயமாத்தான் இருக்கு தாத்தா. ஆனா புதுசுதான் ஜாலி."

ஜாலி வேண்டுமென்றால் வேறு ஆட்டம் ஆயிரம் உண்டே! நீ கேட்டு வாங்கியது பயம்தானே? அதற்கு இன்னும் அவன் பதில் சொல்லவில்லை. மான்ட்ரியாலிலிருந்து போன் செய்த என் மகனிடம் வழக்கை ஒப்படைத்தேன். அவன் என் கட்சி.

எழுபதைத் தாண்டியவர்களுக்குக் கடைசியாக ஒன்று. போன் அடித்தால் நாம் நின்றுதான் எடுக்கிறோம். சாவி தேடவும் நிற்கிறோம். ரோட்டைக் கடக்கும் முன் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறோம். நடந்துகொண்டே எல்லாம் செய்கிற வயது போய்விட்டது. அந்த ஆட்டத்தை ஒருமுறை ஆடிப் பாருங்கள், உங்களுக்கு உடனே பிடிபடும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதலாம். தலைமையாசிரியர் ஐயா உட்பட.