பழகிய வழி கண்ணை மறைக்கும்

மூன்று குவளைகள் உள்ளன. அவை முறையே 21, 127, 3 அலகு நீர் கொள்ளும். இவற்றைக் கொண்டு 100 அலகு நீரை எப்படி அளப்பீர்கள்? இரண்டாவது குவளையை நிரப்பி, அதிலிருந்து முதல் குவளையை ஒருமுறையும் மூன்றாவதை இருமுறையும் நிரப்பினால் மீதம் 100.

அடுத்து, 23, 49, 3 அலகுக் குவளைகளால் 20 அலகு அளக்க வேண்டும். அதே முறையில் விடை கிடைக்கும். ஆனால், 23இலிருந்து 3ஐக் கழித்தாலே போதுமே!

அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட ஆய்வு இது. முதல் வகைக் கணக்குகளை வரிசையாகச் செய்து பழகியவர்களில் பெரும்பாலோர் இந்தக் குறுக்குவழியைக் கவனிக்கவே இல்லை. பழகாமல் வந்தவர்களோ எளிதில் கண்டுகொண்டனர். பிறகு 28, 76, 3 குவளைகளால் 25 அலகு கேட்கப்பட்டது. இங்கே பழைய முறை பலிக்காது. 28இலிருந்து 3ஐக் கழித்தால் தீர்ந்தது. ஆயினும், பழகியவர்களில் பலர் விடை காணாமல் திணறினர்.

திறமைசாலிகளும் இதற்கு விலக்கல்ல. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சதுரங்க வல்லுநர்களின் கண்ணசைவுகள் பதிவு செய்யப்பட்டன. முதலில் ஒரு பழகிய தீர்வைக் கண்ட அவர்கள், அதைவிடச் சிறந்ததைத் தேடுவதாகக் கூறினர். ஆனால், அவர்களின் பார்வை அந்த முதல் தீர்வுக்குரிய கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்தது. மனத்தில் முந்திக்கொண்ட எண்ணம், எந்தத் தகவலைக் கவனிப்பது என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. அந்தப் பிடியிலிருந்து விலகி வேறு வழியில் பார்க்கும் திறனே சிந்தனை நெகிழ்வு.

எஸ்.பி.எம். தேர்வுக்காகக் கடந்த ஆண்டு வினாத்தாள்களைச் செய்யும் மாணவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். பயிற்சி தவறன்று, அது வேகத்தையும் நம்பிக்கையையும் தருகிறது. ஒரே வகைக் கேள்விகளை அடுத்தடுத்து இருபது செய்வதுதான் சிக்கல். அப்போது கை பழகுகிறது, மூளை ஓய்வெடுக்கிறது.

இயற்பியலில் ஓர் எடுத்துக்காட்டு. 5 மீட்டர் உயரத்திலிருந்து உராய்வற்ற, வளைவான சறுக்குப் பாதையில் ஒரு பொருள் ஓய்விலிருந்து இறங்குகிறது. அடியில் அதன் வேகம் என்ன? நேர்கோட்டு இயக்கச் சமன்பாடுகளை மட்டுமே பழகியவர் பாதையின் நீளத்தைத் தேடுவார். ஆனால், வளைவில் முடுக்கம் மாறிக்கொண்டே இருப்பதால் அச்சமன்பாடுகள் இங்குப் பொருந்தா. நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறுகிறது என்று பார்த்தால், ஒரே வரியில் விடை: வினாடிக்கு ஏறக்குறைய 9.9 மீட்டர்.

ஆகவே, பயிற்சியைக் குறைக்க வேண்டாம், மாற்றிச் செய்யுங்கள். வெவ்வேறு பாடப்பகுதிகளின் கேள்விகளைக் கலந்து செய்யுங்கள். விடை சரியாக வந்த பிறகும், "வேறு வழி உண்டா?" என்று கேளுங்கள். பிரத்தியேக வகுப்பில் நூறு கேள்விகளை ஒரே வழியில் செய்வதைவிட, பத்துக் கேள்விகளை இரண்டு வழிகளில் செய்வது மேல் என்பது என் கருத்து.

லூச்சின்ஸ் தம் ஆய்வில் சிலரைத் தாளிலேயே ஓர் எச்சரிக்கையை எழுதிக்கொள்ளச் சொன்னார். கண்மூடித்தனமாகச் செய்யாதே என்பதே அதன் பொருள். அவர்களுள் சிலர் விழித்துக்கொண்டு நேர்வழியைக் கண்டனர். உங்கள் பயிற்சிப் புத்தகத்தின் ஓரத்திலும் அதை எழுதி வைக்கலாம்.